முழுதாக ஒரு நிமிடம் நாடி பார்த்தவர்களுக்கு

ரீயூனியன் தீவில் சென் ஆந்த்ரே உறவுகளுக்கும், பிரான்ஸில் போர்தோ நகரில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

போர்தோவில் இதயத்துக்குச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. வழியில் பார்க்கிற எல்லோரும் "இப்போ எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். கடை வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுக்கு.

மூன்று வருடமாக எனக்கு ஒரு படபடப்பு. திடீரென்று வரும், நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு சிறகடிப்பது போல இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றிருக்கும். ஈசிஜி எடுத்தால் எல்லாம் நேராக இருக்கும். ஒரு டாக்டர், வயசு அப்படி, மனக்கவலை என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். நானும் நம்பினேன். காரைக்காலில் என் அம்மாவும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "படபடன்னு வருதுடி." யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பக்கவாதம் வந்து வலது கை, கால், பேச்சு மூன்றும் போயின. அம்மாவுக்கும் இதே நோய்தானா என்று சொல்ல இன்று எந்தத் தாளும் இல்லை.

போன தைப்பூசத்தன்று கொலோஸ் கோயிலில் பால்குடங்கள் வந்துகொண்டிருந்த நேரம், எனக்கு அது வந்துவிட்டது. ஓரமாக நிழலில் உட்கார்ந்தேன். நர்ஸ் அம்மா பக்கத்தில் வந்து குந்தி, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார். மேளச் சத்தத்தில் அவர் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. பிறகு எங்கள் தீவு மொழியான கிரெயோலில் சொன்னார்: வேகமாக மட்டும் அடித்தால் வெயில், பசி, பயம் என்று விட்டுவிடலாம், இது வேகம் மட்டும் இல்லை, ஒழுங்கே இல்லை. இரண்டு அடி ஒட்டி வருகிறது, அப்புறம் ஓர் இடைவெளி, அப்புறம் ஒரு ஓட்டம். இதை ஒரு துண்டுத் தாளில் தேதி, மணி போட்டு எழுதி, "இதய டாக்டரிடம் இதைக் காட்டாமல் விடாதே" என்று என் பையில் வைத்தார்.

தீவின் தலைநகர் சென் தெனியில் அந்தத் தாளைப் படித்த இதய டாக்டருக்கு அடுத்த நன்றி. உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் ஹோல்டர் என்ற ஈசிஜி கருவியின் 24 மணி நேரப் பதிவில் ஒன்றும் சிக்கவில்லை. அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பதிவுக் கருவியை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் இரவு 3.10 மணிக்கு அகப்பட்டது. அந்தப் பட்டையை அச்செடுத்து மேசைமேல் விரித்து விரலால் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தால் இல்லை. மூன்று வருடம் சொன்னது பொய்யில்லை என்று ஒரு தாள் சொல்லிவிட்டதே, அதனால்.

நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தில் தாளம் போடுவது வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு முடிச்சு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை அதிலிருந்து மின்துடிப்பு கிளம்பும். இந்த நோயில் மேலறைகளுக்குள் மின்துடிப்பு 350க்கு மேல் தாறுமாறாகச் சுற்றுகிறது. அறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. ரத்தம் தேங்குகிற மூலையில் கட்டி உறைந்து, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று டாக்டர் சொன்னபோது அம்மாவின் வலது கைதான் என் கண் முன்னால் வந்தது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா பதறிவிட்டார். முருங்கைக்கீரையை இந்தத் தீவில் ப்ரெட் முருங் என்பார்கள். வாரம் தவறாமல் ஒரு கட்டு என் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். பழைய வகை மாத்திரைக்குக் கீரையை அளந்துதான் சாப்பிட வேண்டும் என்று எங்கோ கேட்டு நிறுத்திவிட்டார். என் மாத்திரை புது வகை, கீரைக்குத் தடையில்லை என்று டாக்டர் சொன்னதை நான் போய்ச் சொன்ன அன்றே கேட்டில் மறுபடி கட்டு தொங்கியது. அக்கா, உங்களுக்கும் நன்றி.

இனி, நான் நேரில் பார்த்திராத ஒருவருக்கு. போர்தோவில் மிஷேல் ஐசாகேர் என்ற இதய டாக்டர் தன் குழுவோடு செய்து 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி இல்லையென்றால், இதயத்துக்குள் குழாய் விட்டு நோயின் வழியைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை எனக்குக் கிடைத்திருக்காது. அதுவரை இந்த நோய்க்கு மாத்திரை, மின் அதிர்ச்சி, முடியாவிட்டால் நெஞ்சைத் திறந்து அறுவை. மேலறை முழுக்க நடக்கிற கலவரம் இது என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: இந்தக் கலவரத்தைத் தொடங்கிவைக்கும் முதல் மின்பொறி எங்கிருந்து வருகிறது? 45 நோயாளிகளின் இதயத்துக்குள் மெல்லிய மின்கம்பிக் குழாய்களை விட்டுப் பொறுமையாகத் தேடினார்கள். பொறி கிளம்பிய 69 இடங்கள் கிடைத்தன. அதில் 65, நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள், சிரை மேலறையில் திறக்கும் வாயிலிருந்து இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உள்ளே இருந்தன. மேலறையின் தசை அந்தச் சிரைகளுக்குள் கொஞ்ச தூரம் நீண்டிருக்கிறது; திருட்டுத்தாளம் போட்டது அந்தத் தசை. அந்த இடங்களைச் சுட்டதில் 28 பேருக்கு நோய் முழுதாக நின்றது. மீதிப் பேருக்கு நிற்கவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைமேல் எனக்குத் தனி மரியாதை.

தங்கை போர்தோவில் இருப்பதால் அங்கேயே ஏற்பாடானது. பதினொரு மணி நேரம் பாரிஸுக்கு விமானம், அங்கிருந்து ரயில். மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், என் பிரெஞ்சு நன்றாக இருந்தும், படுக்கை விரிப்புக் காகிதத்தில் நான்கு சிரைகளை வரைந்து காட்டினார். தொடை இடுக்கிலிருந்து குழாய் வலது மேலறைக்குப் போகும், நடுச்சுவரில் சின்னத் துளை போட்டு இடது பக்கம் நுழையும், ஒவ்வொரு சிரை வாயைச் சுற்றியும் புள்ளி புள்ளியாகச் சுடும். சுட்ட இடம் தழும்பாகும். தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. பொறி உள்ளே கிளம்பினாலும் வெளியே வர வழியில்லை. வரைந்து முடித்து அந்தக் காகிதத்தைக் கிழித்து என்னிடமே கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று இரவு காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தேன். தண்ணீர் கேட்ட ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்த இரவுப் பணிப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவருக்கு இந்த மடல் போய்ச் சேர வேண்டும் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். மறுநாள் தங்கை போனைக் காதில் வைத்தாள். இங்கே என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து "டீச்சர் வாழ்க" என்று கத்தினார்கள். வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் வராத ழ அன்று பாதிப் பேருக்குச் சரியாக வந்தது!

ஐந்தாவது வாரம் படபடப்பு திரும்பி வந்தபோது எல்லாம் வீண் என்று நினைத்து உடைந்துபோனேன். முதல் மூன்று மாதம் சுட்ட புண் ஆறுகிற காலம், அதில் வருவதைத் தோல்வியாகக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று டாக்டர் போனில் பத்து நிமிடம் பேசினார். மூன்று மாதம் கழித்து எடுத்த பதிவில் ஒன்றும் இல்லை. ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. அதைத் தொடர வேண்டும் என்கிறார், தொடர்கிறேன்.

நான் இல்லாத வாரங்களில் சனிக்கிழமை வகுப்பை ஒருநாள்கூட நிறுத்தாமல் நடத்திய பெற்றோர்களுக்கு, விமான நிலையத்துக்கு விடியற்காலையில் கார் ஓட்டி வந்த தம்பிக்கு, கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்த எல்லோருக்கும் நன்றி.

நர்ஸ் அம்மா, போன வாரம் நீங்கள் மறுபடி என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். 68 என்று சொல்லிவிட்டு, கையை விடாமல் இன்னும் ஒரு நிமிடம் எண்ணினீர்கள்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
சென் ஆந்த்ரே, ரீயூனியன்