கரையில் நின்றவர்களுக்கு நன்றி

கல்கிசைக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விண்ட்சேர்ஃபிங் ஓடியபோது, அதாவது பாய்மரம் பூட்டிய பலகையில் நின்று காற்றைப் பிடித்துக் கடலில் ஓடியபோது, எங்களுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

அலை தெறிக்கப் பாய் பிடித்துப் பறந்தவர்களின் படங்கள் இதற்குள் எல்லோர் கைபேசிக்கும் வந்திருக்கும். அந்தப் படங்களில் இல்லாதவர்களுக்கு இந்த மடல். நன்றி சொல்வதோடு, நீங்கள் செய்தது ஏன் பெரிய உதவி என்பதையும் எழுதுகிறோம். விண்ட்சேர்ஃபிங் பழகாதவர்களுக்கு அது வெளியே தெரியாது.

தண்டவாளத்தின் இரு பக்கமும் காவல் நின்ற தம்பிமாருக்கு முதல் நன்றி. சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாளில் கரையோரப் பாதையில் ரயில் வருவது காதில் விழாது. 5.3 சதுர மீட்டர் பாயை விரித்தபடி தூக்கி நடப்பவருக்கு ஒரு பக்கப் பார்வையும் மறைந்துவிடும். அதனால்தான் பாயைச் சுருட்டச் சொல்லி, பாய்மரத்தை இரண்டு துண்டாகவே கடத்தினீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து தறப்பாள் கொண்டுவந்த அக்காவுக்கு, அது வெறும் விரிப்பாகத் தோன்றியிருக்கலாம். பாய்மரத்தின் இரு துண்டுகளும் சேரும் இடத்தில் கொஞ்சம் மணல் புகுந்தாலே இறுகிவிடும். மாலையில் நாலு பேர் இழுத்தாலும் கழராது. தறப்பாளில் வைத்துத் துடைத்துப் பூட்டி, இணைப்பைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டியதால் எல்லா மரமும் ஒரே இழுவையில் வந்தன.

பாயைக் கீழ்நோக்கி இறுக்கும் கீழ்க்கயிறு இழுத்துத் தந்தவர்களின் உள்ளங்கைகள் இன்னும் சிவந்திருக்கும். பாயில் முன்விளிம்பின் நீளம் 424 சென்டிமீட்டர் என்று அச்சிட்டிருந்தால், 400 மரமும் அதன் அடியில் பூட்டும் 24 நீட்டிப்பும். அதற்குக் குறைவாக இழுத்து நிறுத்தினால், காற்று ஓங்கும்போது பாயின் வயிறு பின்னால் நகர்ந்து பின்கை கனக்கும். காற்று 15 நொட்டிலிருந்து (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) 20க்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; பாயில் விழும் விசையோ கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. நன்றாக இழுத்த பாயின் பின்விளிம்பு மேலே தளர்ந்து, அந்த மிகையை வெளியே விட்டுவிடும். ஒவ்வொரு பாய்க்கும் கடைசி இரண்டு சென்டிமீட்டரை இழுத்தவர்கள்தான் அன்றைய நாளைக் காப்பாற்றினார்கள்.

பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் ரப்பர் மூட்டினை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்த ஒன்றைக் கழற்றி எறிந்து, பொல்கொடை வாவியில் ஓட வைத்திருந்த உங்களுடையதைத் தந்தீர்களே அண்ணை, அது நடுக்கடலில் அறுந்திருந்தால் பாயும் பலகையும் இரண்டாகப் பிரிந்திருக்கும். பிரிந்தால் பலகையைத்தான் பிடிக்கவேண்டும், ஆளைத் தாங்குவது அதுதான். பாயை விட மனம் வராது என்பது வேறு விஷயம்.

வலைகள் எங்கே கிடக்கின்றன என்று காட்டிய மீனவர்களுக்குத் தமிழ் மடல் பயன்படாது. அவர்களிடம் நேரிலேயே நன்றி சொல்லியாயிற்று. 30 சென்டிமீட்டர் ஃபின் (பலகையின் அடியில், வால்பக்கம் நிற்கும் செட்டை) மிதவைக் கயிற்றில் கொளுவினால் பலகை அந்த இடத்திலேயே நிற்கும், ஆள் பாயோடு முன்னால் போய் விழுவார். அவர்கள் வலைக்கும் சேதம்.

கரையில் உடையும் அலையைக் கணக்குப் பார்த்து “இப்ப போ” என்று கத்தியவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கல்கிசையில் தென்மேற்குக் காற்று கரையை நோக்கிச் சாய்வாக அடிக்கிறது. வடமேற்கே திரும்பி, கரையைவிட்டு மெல்ல மெல்லத்தான் விலக முடியும். அதற்குள் அலை வந்து மோதும். பாய்மரங்கள் அதிகம் முறிவது ஆழத்தில் அல்ல, இடுப்பளவு தண்ணீரில்தான். மரத்தின் நுனி மணலில் குத்தி நிற்க, அடுத்த அலை மேலே விழும். பலகைக்கும் கரைக்கும் நடுவே நின்ற சிறுவர்களை அப்பால் தள்ளியதும் நீங்கள்தான்.

வெளியே போனபின் கடல் வேறு குணம். காற்று எழுப்பும் குட்டை அலைகள் நெருங்கி நெருங்கி வர, பாறைமுனையில் பட்டுத் திரும்புபவை அவற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. கால்வாய் வாய்களில் வெளியேறும் நீர் அலையை எதிர்ப்பதால் அங்கே இன்னும் செங்குத்து. (மழைக்குப் பிறகு அந்த நீரைக் குடிக்கவும் கூடாது, வாயில் படவும் கூடாது.) இப்படியான நீரில் பலகையின் மூக்கு துள்ளி எழும். கரையிலிருந்து சைகை காட்டிய மூத்தவரின் திருத்தங்கள் எல்லாம் இதற்குத்தான்: 34 ஃபின்னைக் கழற்றி 30 போடு; பூமை (கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பியை) இரண்டு விரல் இறக்கு; ஹார்னஸில் (உடம்பில் கட்டிப் பூமில் கொளுவும் பட்டியில்) எடையைத் தொங்கவிட்டு மூக்கை அழுத்து; முழங்காலை மடி. துள்ளி இறங்கும்போது பின்காலால் உதைத்தால் ஃபினைச் சுற்றிக் காற்று புகுந்து, வால் பக்கவாட்டில் சறுக்கும். அப்போது பின்காலின் எடையை எடுத்துக் குதியை உடம்புக்குக் கீழே இழுக்கவேண்டும், இன்னும் உதைத்தால் மோசமாகும். மூக்கு குத்திக் கவிழ்ந்தாலும் பூமை விடாதே என்று தொண்டை வற்றக் கத்தினார். அதை விட்டவர்கள்தான் மரத்தில் தலை மோதிக்கொள்வது.

தெஹிவளைக் கரையில் நீல உடுப்போடு நடந்து திரிந்த இருவரையும் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். விழுந்து மிதப்பவரைக் காற்றும் அலையும் வடக்கேதான் தள்ளும். இன்னும் வடக்கே, வெள்ளவத்தையில், ரயில் பாதையைக் காக்கப் போட்ட கருங்கற்கள். பாயோடு அங்கே ஒதுங்குவது நல்லதல்ல. அந்த நீல உடுப்புதான் “இங்கே திரும்பு” என்ற எல்லைக்கல். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக ஏற்றி இறக்கினால் உதவி வேண்டும் என்று பொருள். அதை யாரும் காட்ட நேரவில்லை.

நீந்துபவர்களின் கொடிகளுக்கு அப்பால் எங்களுக்கு இடம் ஒதுக்கித் தந்த உயிர்காப்புப் பொலிஸாருக்கும், மாலு பணிஸும் பிளேன்டீயும் தந்தவர்களுக்கும், உப்புக் கழுவ 20 லீற்றர் கான்களில் நல்ல தண்ணீர் சுமந்தவர்களுக்கும் நன்றி.

அண்ணை, உங்கள் மூட்டு கழுவி, நிழலில் காயவைத்து, வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருக்கிறது. தறப்பாளும் அங்கேதான். யாருடையதோ ஒரு ஃபின் திருகாணியும் அதற்குள் கிடந்தது. 30ஆம் அளவு ஃபின் போட்டவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஞாயிறு பாய் பிடித்தவர்கள்