படக்காட்சிக் குழுவுக்கு: அந்தப் படத்தப் போடுங்க

டவுன்ல புள்ளயளுக்கு மாசாமாசம் படம் போடுற குழுவில இரிக்கிற ஐயாமார், மிஸ்மார் எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழம என்ன நடந்த எண்டு உங்களுக்கே தெரியும். ‘ஓ மை காடஸ்’ ஜப்பான் கார்ட்டூன் போடுறம் எண்டு சொல்லிப்போட்டு, தெய்வம் மனிசனக் காதலிக்கிற கத நம்மட பண்பாட்டுக்குச் சரிவராது எண்டு ஆரோ சொன்னதுக்காக நிப்பாட்டிட்டீங்க. உரிமப் பிரச்சின எண்டு சொல்லியிருந்தா நான் வாய் திறந்திருக்க மாட்டன்.

நாங்க மட்டக்களப்புப் பக்கம் மண்டூர்ல இரிந்து வந்த. விடியவே துறையடியில பாதைக்கு, வாவியில ஆக்கள ஏத்தி இறக்குற மிதவைக்கு, காத்துநிண்டு, குருமண்வெளியில இறங்கி, களுவாஞ்சிக்குடிக்குப் போய் பஸ் புடிச்சி, நானும் தங்கச்சிர மகளும் அவட கூட்டாளியள் 4 பேரும். மருமகளுக்கு 9 வயசு, சித்திரை வருசத்துக்குத் தைச்ச சட்டயப் போட்டுக்கிட்டு வந்தவ. கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்திச்சி, ‘இன்று படம் இல்லை’. அவ அத எழுத்துக்கூட்டி ரெண்டுதரம் வாசிச்சா. ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே ஐயா, வாவிக்கு அங்கால படுவான்கரையில இரிந்து வாறவங்களுக்கு அது ஒரு நாள் முழுக்கப் பயணம்.

அந்தக் கார்ட்டூன்ட 5 பாகத்துக்கும் தமிழ் சப்டைட்டில் அடிச்சவன் நான், 3 மாசம் இரவிரவா. கெய்ச்சி எண்ட கெம்பஸ் பொடியன் போன்ல நம்பர் மாறி அடிச்சி அது தெய்வங்கள்ற உதவிக் கந்தோருக்குப் போகுது, கண்ணாடிக்குள்ளால பெல்டாண்டி வந்து ஒரு வரம் கேளுங்க எண்டுறா, அவன் உங்களப் போல ஒரு தெய்வம் எப்பவும் என்னோட இரிக்கணும் எண்டு கேக்கிறான். அவ அவன நீ எண்டு சொல்லுவாவா நீங்க எண்டு சொல்லுவாவா எண்டு நான் ஒரு கிழம முழிச்சன். அம்மாதான் சொன்ன, தெய்வமா இருந்தாலும் மரியாதயாத்தான் கதைப்பா மனே, நீங்க எண்டே போடு எண்டு. கையப் புடிக்கவே கூச்சப்படுற அந்தப் பொடியன்ட கதையில புள்ளயள் கெட்டுப்போக என்ன இரிக்கு?

அவ நம்மட தெய்வமுமில்ல. வட ஐரோப்பியப் புராணத்தில விதியப் பாக்கிற 3 சகோதரியள்ல ஒருத்தி, வெர்தாண்டி எண்ட பேரத்தான் ஜப்பான்காரர் பெல்டாண்டி எண்டு ஆக்கின. பண்பாடு எண்டு சொல்ற ஆக்களிட்ட ஒண்டு கேக்கிறன், வைகாசியில கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தா கல்யாணக்கால் நடுறது ஆருக்கு? அம்மனுக்கும் கோவலனுக்கும். கோவலன் மனிசன்தானே. கொம்புமுறி விளையாட்டில வடசேரி கோவலன்ட பக்கம், தென்சேரி கண்ணகிர பக்கம் எண்டு ஊரே ரெண்டாப் பிரிஞ்சி நிண்டு இழுத்ததுதானே. வேடர்ட புள்ள வள்ளிய முருகன் கட்டினத்த எங்கட மண்டூர்ல குழந்தப்புள்ளயும் சொல்லும். உகந்த மலையில வள்ளியம்மனக் கும்புட்டுட்டுத்தான் கதிர்காமத்துக்கு நடக்கிறம். தெய்வமும் மனிசனும் விரும்பின கத நம்மட மண்ணுக்குப் புதுசில்ல. இத ஆரிட்டயும் விசாரிக்காம ஒரு வாயில வந்த சொல்லுக்கு நிப்பாட்டுறதா? இஞ்ச புள்ளயளுக்கெண்டு எத எடுத்தாலும் கடைசியில இப்புடித்தான் ஆகுது, கோவமா வருது.

மன்னிக்கணும், கேக்க வந்தத கேக்கிறன். அந்தப் படத்தப் போடுங்க. ஒரு சனிக்கிழம போதும், சந்தேகமெண்டா முதல்ல நீங்க இருந்து பாருங்க, சப்டைட்டில்ல எந்த வரி புடிக்கல்லயோ சொல்லுங்க, மாத்தித் தாறன். தயவுசெஞ்சி போடுங்க.

திரும்பிப் போகக்குள்ள பாதையில வச்சி மருமகள் கேட்டா, மாமா, அந்த அக்கா கடைசியில மேல போயிருவாவா, இல்ல அவரோடயே இருப்பாவா எண்டு. நான் இன்னும் சொல்லல்ல.