பச்சைக் கோழிக்கறி பத்தி

மாப்ள,

தங்கச்சியும் பாப்பாவும் சௌக்கியமா? இங்க ரெண்டு உழவு மழை பெஞ்சுது, சோளம் வெதச்சாச்சு. நம்ம செட்டுல நேத்து ராத்திரிதான் கோழி லோடு ஏறுச்சு.

போன வாரம் சின்னவளுக்கு காய்ச்சல், வயித்தால போக்கு, ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்துனோம். டாக்டர் ஞாயித்துக்கெழம என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டாரு. கோழிதாங்க, நல்லா வெந்த கோழின்னேன். அப்பறம் ஊட்டுக்கு வந்து யோசிச்சா, கறி வெட்டுன அதே பலகையில வெள்ளரிக்கா அரிஞ்சு புள்ள கையில குடுத்ததே நாந்தான். மனசே ஆறல மாப்ள.

நீ அட்லாண்டாவுல பாக்கெட்டு மேல கவர்மெண்டு முத்திரை இருக்குது, பயமில்லன்னு எழுதியிருந்தே. அத நம்பிட்டு இருக்காத. அங்க அமெரிக்காவுல மாட்டுக்கறி ஹாம்பர்கர் சாப்ட்டு 1993-ல நாலு கொழந்தைங்க செத்தப்பறம், அடுத்த வருசமே அரைச்ச மாட்டுக்கறியில அதுக்குக் காரணமான ஈ.கோலைங்கற கிருமி இருந்தா விக்கக்கூடாதுன்னுட்டாங்க, ஆனா பச்சைக் கோழியில சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்குக் கிருமி இருந்தாலும் இன்னைக்கும் விக்கலாம், வேக வெக்கறவங்க பாத்துக்கோணும்ங்கறதுதான் கணக்கு. 2024 ஆகஸ்டுல, கிராமுக்கு 10 கிருமியோ அதுக்கு மேலயோ இருந்து அதுல மோசமான வகையும் இருந்தா விக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் கொண்டாரப் பாத்தாங்க, 2025 ஏப்ரல்ல அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க. எனக்கு இது சுத்தமா ஏத்துக்க முடியல.

ஏன்னா கோழிய வளக்கறவன் நான், எனக்குத் தெரியும், அந்தக் கிருமி கொடல்ல இருந்தாலும் கோழி பாட்டுக்கு தீவனம் தின்னுட்டு நல்லாத்தான் திரியும், சீக்குன்னே தெரியாது. குஞ்சுலயோ தீவனத்துலயோ வந்துருது, அறுக்கையில கொடலு கிழிஞ்சா கறி பூரா அப்பிக்குது. நம்மூரு கடையில ரெக்கை உரிக்கற டிரம் ஒண்ணு, கட்டை ஒண்ணு, கத்தி ஒண்ணு, காலைல இருந்து எல்லாக் கோழியும் அதுலதான். அப்ப சமையக்கட்டுல நிக்கற பொம்பளைங்க தலையில மட்டும் இத்தனையையும் கட்டறது என்ன நாயம்? ஸ்வீடன்ல 1953-ல ஒரு கசாப்புக்கூடத்துல இருந்து பரவி ஆயிரக்கணக்குல படுத்தாங்க, அப்பறம் பண்ணையிலயே டெஸ்ட் எடுத்து, கிருமி இருந்தா கோழிய அங்கயே அழிச்சர்றாங்க. நம்ம கவர்மெண்டும் 2019-ல கோழிக்கு கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் மருந்து குடுக்கறத தடை பண்ணுச்சே, மனசு வெச்சா முடியும். டெஸ்டு செலவ, எங்ககிட்ட குஞ்சு குடுத்து கூலிக்கு வளக்கச் சொல்ற கம்பெனிக்காரன் ஏத்துக்கோணும், எங்க வளப்புக்கூலியில புடிக்கக்கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது.

தங்கச்சிகிட்ட கறிக்குன்னு தனிப் பலகை வெச்சுக்கச் சொல்லு. கோழிய பைப்புல கழுவ வேண்டாம், தண்ணி தெறிச்சு சிங்க்கு பூரா பரவிரும். சின்னவ இப்ப இட்லி சாப்படறா, நாளைக்கு ஸ்கூலுக்குப் போறா.

செட்டுல எரு அள்ள ஆளுங்க வந்துட்டாங்க, அப்பறம் எழுதறேன்.