அறக்கட்டளை நிதி: ஜூன் 14 கூட்டம்

பெற்றோர்களே, வணக்கம். நம் தமிழ்ப் பள்ளி நூலகத்துக்கு நிதி கேட்க ஜூன் 14 ஞாயிறு மாலை 5 மணிக்கு ஜூமில் கூடுகிறோம். அதற்குள்:

1. பட்டியலிலிருந்து ஆளுக்கு இரண்டு குடும்ப அறக்கட்டளைகளை எடுத்து, அவை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஆண்டுதோறும் தரும் 990-பிஎஃப் படிவத்தைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதிலேயே இருக்கும். வழக்கமாக 5,000 டாலர் தருபவரிடம் 50,000 கேட்டால் பதிலே வராது.

2. அந்தப் படிவத்தில் ‘முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அவர்களுக்கு எழுத வேண்டாம். அறங்காவலரை நம்மில் யாருக்காவது தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள்.

3. பொருளாளர்: ஐஆர்எஸ் தந்த 501(சி)(3) கடிதம் (நம் பள்ளி வரிவிலக்குள்ள அறப்பணி அமைப்பு என்பதற்கான சான்று), பட்ஜெட், நிர்வாகக் குழுப் பட்டியல். பள்ளியின் பெயர் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். போன முறை இடித்தது அங்கேதான்.

4. விண்ணப்பத்தில் ‘புத்தகங்கள்’ என்று பொதுவாக எழுதாமல் எத்தனை, என்ன விலை என்று போடுங்கள்.

எடுத்த பெயர்களை வெள்ளிக்குள் இங்கே பதியுங்கள்.