ஒரு கெஜம் பின்னால் நின்றவன்

நியூ வெஸ்ட்மின்ஸ்டர்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். முழங்காலுக்கு நீதான் பொறுப்பு. காலேஜ் கபடியில் நீ போட்ட அந்தக் கால்பிடி இன்னும் மழை வந்தால் வலிக்கிறது. இந்த ஊரிலோ மழை வந்தால் போவதில்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சின்னவன் பெயர் இந்த முறையும் கபடி செலக்‌ஷனில் வரவில்லை, இப்போது பைனான்ஸ் தவணை வசூலுக்கு பைக்கில் சுற்றுகிறான் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தென்னைக்கு உரம் வைத்ததைச் சொல்கிறாய். அந்த இரண்டு வரி எனக்குப் போதும். படித்த உடனே ஒருத்தன் ஞாபகத்துக்கு வந்தான். பயப்படாதே, அறிவுரை சொல்லப் போவதில்லை. அவனிடம் இதைப் படித்துக் காட்டவும் வேண்டாம். நீ பிடிக்கிறவன், உனக்குப் புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இங்கே வந்த புதிதில் வார இறுதிகளில் செக்யூரிட்டி வேலை பார்த்தேனே, வான்கூவர் பிசி பிளேஸ் ஸ்டேடியத்தில், அது பற்றி உனக்கு ஒழுங்காக எழுதியதே இல்லை. அப்போது அந்த ஸ்டேடியத்துக்குத் துணிக்கூரை. உள்ளே காற்றை ஊதியே அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2007 ஜனவரியில் ஒரு நாள் அது கிழிந்து, விரல் பட்ட பூரி மாதிரி அமுங்கிப் போனது. பிறகு ஒட்டுப் போட்டு ஊதி நிமிர்த்தினார்கள். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால், வெளியே போகிற கதவைத் திறந்தால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆட்டம் முடிந்து வெளியே வருகிற கிழவிகளின் தொப்பியைப் பிடித்துக் கொடுப்பதும் என் வேலையில் சேர்த்தி.

அங்கே ஆடுவது கனடியன் ஃபுட்பால். நம்ம ஊர் ஃபுட்பால் என்று நினைத்துவிடாதே. தலைக்கவசம், தோளில் கட்டை, முட்டை வடிவப் பந்து. டிவியில் நீ பார்க்கிற அமெரிக்க ஆட்டத்துக்குப் பங்காளி, ஆனால் பாகப்பிரிவினையில் கொஞ்சம் அதிகமாக வாங்கிக்கொண்ட பங்காளி. களம் 110 கெஜம் நீளம், 65 கெஜம் அகலம். பக்கத்துக்கு 12 பேர். 10 கெஜம் முன்னேற அமெரிக்காவில் நாலு வாய்ப்பு கொடுப்பார்கள், இங்கே மூன்றுதான்.

செக்யூரிட்டிக்காரன் ஆட்டம் பார்க்கக் கூடாது, தெரியுமா? முதுகு களத்துக்கு, முகம் கூட்டத்துக்கு. இரண்டு சீசன் அந்தக் களத்தின் ஓரத்தில் நின்றேன். பார்த்ததைவிடக் காதில் கேட்டதுதான் அதிகம். சொந்த அணி பந்தை வைத்திருந்தால் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) கத்துகிற குறிப்பு அவனுடைய ஆட்களுக்குக் கேட்க வேண்டுமே. பந்து எதிரணியிடம் போனால் அவர்களுக்கு எதுவும் கேட்கக் கூடாதென்று தொண்டை கிழியக் கத்துவார்கள். துணிக்கூரையில் பட்டுத் திரும்பி வரும்போது அந்தச் சத்தம் பல்லில் அதிரும். ஆகவே சத்தம் வந்தால் தற்காப்பு ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று கணக்கு.

எனக்கு எதிர் வரிசையில் ஒரு பெரியவர் உட்காருவார். கையில் எப்போதும் பியர் கப். எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பு, இன்னும் எட்டு ஒன்பது கெஜம் போக வேண்டும் என்றால், எறிந்தே ஆக வேண்டிய கட்டம். அப்போது அவர் கப்பைக் குனிந்து இரண்டு காலுக்கும் நடுவே பத்திரமாக வைப்பார். வைத்துவிட்டு எழுந்து நின்று களத்தின் ஒரே ஓரத்தைப் பார்ப்பார். பந்து நடுவில் இருக்கும், அவர் அங்கே பார்க்கவே மாட்டார். அந்த ஓரத்தில் நின்றவன்தான் கேமரன் வேக்.

மேரிலாந்துக்காரன். பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் ஆடியவன், அங்கே அவனுக்கு டெரெக் வேக் என்று பெயர். அமெரிக்காவின் பெரிய லீக் என்எஃப்எல், அதன் அணிகள் காலேஜ் பையன்களைப் பொறுக்கி எடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர்; 2005 டிராஃப்டில் 255 பேரை எடுத்தார்கள், அதில் இவன் இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி சும்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது. அதன்பிறகு இரண்டு சீசன் களத்திலேயே இல்லை. என்ன செய்தான் என்கிறாய்? வீட்டுக்கடன் தரகு வேலை, ஜிம்மில் மற்றவர்களுக்குப் பயிற்சி. உன் கடிதத்தில் பைனான்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் நான் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று இப்போது தெரிகிறதா.

2007இல் எங்கள் ஸ்டேடியத்தின் சொந்த அணியான பிசி லயன்ஸ் அவனை எடுத்தது. வாலி புவோனோ கோச். பெரிய காசு கிடையாது, ஒரு அணி மொத்தத்துக்கும் அந்த வருடச் சம்பள வரம்பே 40.5 லட்சம் டாலர்தான். முதல் வருடமே 16 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்கை, பந்து கையை விட்டுப் போகும் முன்பே, பிடித்துக் கீழே போட்டான். அதற்கு சேக் என்று பெயர். நம்ம சாக்குமூட்டையேதான், லாரியிலிருந்து இறக்குகிற மாதிரிதான் இறக்குவான். அந்த வருடம் சிறந்த புதுமுகம், சிறந்த தற்காப்பு வீரன் இரண்டு பரிசும் அவனுக்கே. அடுத்த வருடம் 23 சேக். மறுபடியும் சிறந்த தற்காப்பு வீரன்.

ஒரே ஒரு முறை நான் திரும்பிப் பார்த்தேன். சூப்பர்வைசர் மேல் தளத்துக்குப் போயிருந்தார். வேக் ஓரத்தில் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி நிற்கிறான். இந்த நாட்டு விதிப்படி தற்காப்பு ஆள் பந்திலிருந்து ஒரு முழுக் கெஜம் பின்னால் நிற்க வேண்டும். எதிரே முந்நூறு பவுண்டு எடையில் ஒருத்தன். பந்து அசைந்தது. வேக்கின் முதல் அடி தரையில் பட்டபோது அந்தத் தடியன் இன்னும் கையையே தூக்கவில்லை. பிறகு வேக் அவனுக்கு வெளிப்பக்கமாக ஒரு வளைவு போட்டான். எப்படிச் சொல்ல? நீ மூலையிலிருந்து ரெய்டருக்குப் பின்னால் வருவாயே, தோள் தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்து, அது. எறிகிறவன் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனைத் தவிர ஸ்டேடியத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் பார்த்தேன், மீதியைக் கூட்டத்தின் முகத்தில் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஒரு கெஜம்தான் அவனை ஆளாக்கியது என்பது என் கட்சி. பக்கத்தில் நின்றால் தள்ளலாம், மல்லுக்கட்டலாம். ஒரு கெஜம் தள்ளி நின்றால் எதிராளிக்குக் காலை ஊன்ற நேரம் கிடைத்துவிடும், உடம்பு மட்டும் போதாது. புறப்பாடு வேண்டும், வளைவு வேண்டும். பிறகு அமெரிக்காவுக்குப் போனான். அங்கே அந்த இடைவெளி பந்தின் நீளம் மட்டுமே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு வருடம் மூட்டை தூக்கி நடந்தவனிடம் மூட்டையை வாங்கிக்கொண்ட மாதிரி. இங்கே எறிவது அதிகம், அதனால் சேக்கும் அதிகம் என்று என்னோடு வேலை பார்த்த பஞ்சாபிக்காரர் சொல்வார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் போன இடத்திலும் அவன் நிறுத்தவில்லையே?

2009 ஜனவரியில் மியாமி டால்ஃபின்ஸ் கூப்பிட்டபோது அவனுக்கு 27 முடிகிற நேரம். முதல் வருடம் அதிகம் இறக்கவில்லை, 5.5 சேக் (இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் அரை அரையாகப் பங்கு போடுவார்கள், நம்ம ஆட்டத்திலும் இது வேண்டும்). அடுத்த வருடம் 14. 2013 அக்டோபர் 31 ராத்திரி சின்சினாட்டியோடு ஆட்டம், கூடுதல் நேரம். எதிரணிக் குவார்ட்டர்பேக்கை அவனுடைய அணி காக்கிற கடைசிக் கோட்டுக்குப் பின்னாலேயே வைத்து இறக்கினான். அதற்கு இரண்டு புள்ளி, 22-20, அத்தோடு ஆட்டம் காலி. என்எஃப்எல் வரலாற்றிலேயே கூடுதல் நேரத்தில் அப்படி முடிந்தவை அதற்கு முன் இரண்டுதான்.

2015இல் குதிகால் தசைநார் அறுந்தது. வயது 33. முடிந்தது கதை என்றேன் நான். அடுத்த சீசன் 11.5 சேக். கடைசியில் டென்னஸியில் ஒரு வருடம், மொத்தக் கணக்கு 100.5. 2022 பிப்ரவரியில், 40 வயதில், ஓய்வு என்று அறிவித்தான்.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது வான்கூவர்தான், அதிலும் ஒரு தோல்வி. 2007இல் லயன்ஸ் 14 ஆட்டம் ஜெயித்து லீகிலேயே முதலிடம். மேற்குப் பிரிவு இறுதி ஆட்டம் சொந்த ஸ்டேடியத்தில். சஸ்காச்சுவானிலிருந்து பச்சைச் சட்டைக் கூட்டம் வந்து இறங்கியது. தர்பூசணியைக் குடைந்து தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்கிற கூட்டம் அது. அவர்கள் 26-17 என்று ஜெயித்து, அடுத்த வாரம் லீகின் சாம்பியனுக்கான கிரே கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடமும் அதே கட்டத்தில் கால்கரியிடம் தோல்வி. 39 சேக் போட்டவன் கோப்பை இல்லாமல் ஊரைவிட்டுப் போனான். அந்த இரண்டு வருடமும் லீகின் தலைசிறந்த வீரர் பரிசு யாருக்கு என்று நினைக்கிறாய்? இரண்டும் குவார்ட்டர்பேக்குகளுக்கு. 1953இலிருந்து கொடுக்கிற பரிசு. தற்காப்பு மட்டுமே ஆடிய ஒருவருக்கு அது முதல்முதலாகக் கிடைத்தது 2014இல், அதே லயன்ஸ் அணியின் சாலமன் எலிமிமியனுக்கு. நம்ம காலேஜிலும் ரெய்டு போகிற என் பெயரைத்தானே கத்தினார்கள். உன் பிடியில் ஜெயித்த ஆட்டத்துக்கும் மாலை எனக்குப் போட்டார்களே, அது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அன்று சஸ்காச்சுவானிடம் தோற்ற பிறகு, பெரியவர் போன இடத்தில் கப் அப்படியே தரையில் இருந்தது, பாதி பியரோடு. நான்தான் எடுத்துப் போட்டேன்.

டிசம்பர் கடைசியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. முழங்காலுக்கு உங்கள் வீட்டில் காய்ச்சுகிற எண்ணெய் ஒரு பாட்டில் எடுத்து வை. சின்னவன் பிடிக்கிற பையன் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்த மூலையில் நிற்கிறான், உன்னை மாதிரி இடதா? அதை எழுதவே இல்லையே.

உன்,
சண்முகம்