30 நாளா, 12 மாதமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிமாநில வண்டிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியில், இங்கே குடிவந்த 30 நாளுக்குள் வண்டி எண்ணை மாற்றியாக வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். அது சரியில்லை. இந்த ஒரு குழப்பத்தை வைத்தே எங்கள் பக்கத்தில் சிலர் பிழைப்பு நடத்துவதால் எழுதுகிறேன்.

நான் பொறையார்க்காரன். நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால், அது புதுச்சேரியைச் சேர்ந்தது. இன்னும் தெற்கே போய் வாஞ்சூரைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு, நாகூர். மயிலாடுதுறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு இந்த வழியாகப் போகிற பஸ் எல்லையை இரண்டு தடவை தாண்டுகிறது. நாங்கள் பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். சட்டம் ‘வேறு மாநிலம்’ என்று சொல்வது எங்களுக்குச் சம்பந்தி வீடு.

என் இளைய மகன் காரைக்காலில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு ஸ்கூட்டர் வாங்கினான். பி.ஒய். 02 எண். போன ஆடியில் வேலையை விட்டுவிட்டு, மனைவி குழந்தையோடு வீட்டுக்கே வந்துவிட்டான். இரண்டு மாதம் கழித்து ஓர் அலுவலகத்தில் விசாரிக்கப் போனவனிடம், “30 நாள் தாண்டிப் போச்சு, ஃபைன் கட்டி டி.என். நம்பர் வாங்கணும். லைசென்ஸும் இங்கே செல்லாது, எட்டு போட்டுக் காட்டணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்ற புரோக்கர் அதற்கெல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருப்பது இரண்டு கெடு. முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 49-வது பிரிவு. என் மகன் அதைச் செய்யவில்லை, அது அவன் தப்புதான். ஆனால் எண்ணை மாற்றுவது 47-வது பிரிவு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பேச்சே வருகிறது. லைசென்ஸ் விஷயத்தில் குழப்பத்துக்கே இடமில்லை. எங்கே வாங்கினாலும் நாடு முழுக்கச் செல்லும். முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டால் சரி, எட்டும் வேண்டாம், எல்.எல்.ஆரும் வேண்டாம்.

இனி இங்கேதான் என்று ஆகிவிட்டதால் எண்ணையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினோம். பதிவு செய்த ஊரில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அதற்கு 28-ஆம் எண் படிவம். அதில் வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும். கடலோர உப்புக்காற்றில் துரு ஏறிய வண்டி. மெக்கானிக் பையன் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, தாளை வைத்து அழுத்தித் தேய்த்தான். மூன்று தடவையும் எட்டு மூன்றாகவே விழுந்தது. நாலாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. லைசென்ஸுக்கு எட்டு போடாமல் தப்பித்தாலும் இந்த எட்டு எங்களை விடவில்லை!

என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் மறுப்பு வரவில்லை என்றால் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதை எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார். வண்டியின் வயதைக் கணக்கிட்டு இங்கே மறுபடி சாலை வரி கட்டுவதுதான் உண்மையான வலி. அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்பது தனிக் கதை, அதை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன். அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கும் 2021 செப்டம்பரிலிருந்து, மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.எச். (பாரத்) எண் வந்திருக்கிறது. அது கிடைக்கிற மாநிலத்தில் புது வண்டி வாங்கும்போது கேட்டு வாங்கினால் இந்த அலைச்சல் இல்லை.

வந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் கிடையாது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கேரளாவிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் இருந்தால் போதும், அவை டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற நம் பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் லைசென்ஸை மட்டும் பையில் வைத்துக்கொண்டு இங்கே வண்டியை எடுக்கக் கூடாது. அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வர வேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்குத்தான். பழைய இந்திய லைசென்ஸ் உயிரோடு இருந்தால் அதுவே போதும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி எட்டுதான். என் தங்கை மகன் அப்படித்தான் பொங்கல் லீவில் பாதியை மைதானத்தில் கழித்தான்.

எல்லையின் இரு பக்கமும் உள்ள போக்குவரத்து அலுவலக வாசல்களில் இந்த இரண்டு கெடுவையும் தமிழில் பெரிதாக எழுதிவைக்கச் சொல்லித் தாங்கள் எழுத வேண்டும். அதற்கு முன்னால் தங்கள் செய்திக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கத்தரித்து ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொள்கிறோம்.

– ஒரு வாசகர்,
பொறையார்