ஃபிசியோட வாயப் பாருங்க

டேய் கழுதைப்புலி,

எட்டு மாசம் ஆச்சு உனக்கு எழுதி. கோவமா இருப்ப, இரு. பாப்பா காதுகுத்து போட்டோவுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டுட்டு ஓடிப்போனவன் நான், என்ன திட்டினாலும் வாங்கிக்கிறேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? பெரியவர் ரிட்டயர் ஆயிட்டாராமே, இனி தெருவுல ஒருத்தனும் நிம்மதியா வண்டி நிறுத்த முடியாது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சின்னவன் சுவாஹிலில சண்டையே போடுறான், எனக்குதான் மூணு வருஷம் ஆகியும் தக்காளிக்கு பேரம் பேச வரல. சரி அதெல்லாம் கெடக்கட்டும், இப்ப எழுதுறது வேற விஷயத்துக்கு.

போன வாரம் ங்கோரோங்கோரோ போயிருந்தோம். (இந்தப் பேர டைப் பண்றதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.) நாங்க இருக்கற இந்த தான்சானியா அருஷால இருந்து நாலு மணி நேரம்தான், ஆனா மதுரைல இருந்துக்கிட்டு மீனாட்சி கோயில் பாக்காதவன் மாதிரி இத்தன நாள் போகாமலே இருந்தோம், வீட்ல தினம் ஒரு குத்தல். கடைசில சரின்னு கெளம்பியாச்சு. அது ஒரு பழைய எரிமலை மாப்ள, உச்சி அப்படியே உள்ள இடிஞ்சு விழுந்து பெரிய அண்டா மாதிரி ஆயிடுச்சு. சுத்தி 600 மீட்டர் உயரத்துக்கு மலைச்சுவர், அடில 260 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதுக்குள்ள யானை, காண்டாமிருகம், வரிக்குதிரை எல்லாம். நாம தங்குறது மேல விளிம்புல, காலைல ஆறு மணிக்கு கேட் தொறந்ததும் எறங்கணும், சாயங்காலம் ஆறுக்குள்ள ஏறிடணும். ஜூலை மாசக் குளிரு இருக்கே, கொடைக்கானல் எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. மசாய் ஆளுங்க போத்துற அந்த சிவப்பு போர்வைய வாங்கி குடும்பமே போத்திக்கிட்டு லேண்ட் க்ரூஸர்ல ஒக்காந்திருந்தோம், பாத்தா ஏதோ சாமியாடிக் கோஷ்டி மாதிரி இருந்திருக்கும்.

எங்க டிரைவருக்கு அறுபது வயசு இருக்கும், எல்லாரும் அவர ம்ஸேன்னு கூப்பிடுறாங்க, நாம 'பெரியவரே'ன்னு சொல்றோம்ல அது மாதிரி. அதிகம் பேசமாட்டார். கீழ எறங்கி பத்து நிமிஷம்கூட ஆகல, பனி இன்னும் விலகல, வண்டிய ஓரமா நிறுத்தி எஞ்சின அணைச்சுட்டார். ஒரு வைல்டுபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கற பெரிய மான்) செத்துக் கெடக்கு, வயிறு தொறந்து அந்தக் குளிர்ல ஆவி பறக்குது, சுத்தி அஞ்சு பெண் சிங்கம், பிடரி கறுத்த ரெண்டு ஆணு, எல்லாம் மொகத்த உள்ள விட்டு தின்னுட்டிருக்கு. ஒரு முப்பது அடி தள்ளி பதினேழு கழுதைப்புலி, பெரியவ எண்ணினா, ஒக்காந்தும் நின்னும் பாத்துக்கிட்டே இருக்கு. "எச்சிலைக்கு எப்படி காத்துக் கெடக்கு பாருங்க"ன்னு வீட்ல சொன்னா. நானும் ஆமான்னு மண்டைய ஆட்டிக்கிட்டே போட்டோ எடுத்தேன். சின்ன வயசுல இருந்து பாத்த ஒவ்வொரு டிவி நிகழ்ச்சியும் அப்படித்தான சொல்லிக் குடுத்துச்சு, ராஜா சாப்பிடுவார், மிச்சத்துக்கு இதுங்க வரும்.

ம்ஸே ஒண்ணும் சொல்லல. பைனாகுலர என் கையில குடுத்து, "ஃபிசியோட வாயப் பாருங்க"ன்னார். ஃபிசின்னா சுவாஹிலில கழுதைப்புலி, பேராசக்காரனத் திட்டவும் இங்க அதே வார்த்தைதான்.

பாத்தேன் மாப்ள. வாய் மட்டும் இல்ல, கழுத்து, நெஞ்சு, முன்னங்கால் வரைக்கும் ரத்தம், அதுவும் காஞ்சு கறுத்துப் போய் முடியெல்லாம் கொத்துக்கொத்தா ஒட்டிக்கிட்டு. சிங்கத்துக்கு மூக்குலயும் தாடையிலயும் மட்டும்தான், அதுவும் புது ரத்தம். காத்துக்கிட்டு இருக்கறவனுக்கு ஏன்டா நெஞ்சு வரைக்கும் ரத்தம்?

வேட்டையாடுனது கழுதைப்புலிங்க. ராத்திரியே தொரத்தி அடிச்சு சாப்பிட ஆரம்பிச்சிருக்கு, பங்கு பிரிக்கிறப்ப அதுங்க போடுற கூச்சல் ரொம்ப தூரம் கேக்குமாம், அதக் கேட்டு சிங்கம் வந்து வெரட்டிட்டு ஒக்காந்துக்கிச்சு. நாம ஏழு மணிக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கறப்ப சிங்கம் சாப்பாட்டுல, கழுதைப்புலி வாசல்ல.

அன்னைக்கு ராத்திரி லாட்ஜ்ல தூங்கவே இல்ல, இதையேதான் தேடித்தேடி படிச்சேன். ஹன்ஸ் க்ரூக்னு ஒரு நெதர்லாந்துக்காரர், 1960கள்ல இங்க செரெங்கெட்டிக்கும் ங்கோரோங்கோரோவுக்கும் வந்து, ராத்திரி நிலா வெளிச்சத்துல வண்டிய ஓட்டிக்கிட்டு கழுதைப்புலி பின்னாடியே போயிருக்கார். யாரும் அதுக்கு முன்னாடி ராத்திரி போய் ஒழுங்கா பாக்கல, அதான் விஷயம். 1972ல புஸ்தகம் போட்டார். இந்தப் பள்ளத்துல கழுதைப்புலி திங்கிறதுல பெரும்பாலானது அதுவே அடிச்சது, அதுகிட்ட இருந்து சிங்கம் புடுங்குறதுதான் அதிகம், அது சிங்கத்துகிட்ட புடுங்குறது கம்மி. இன்னொன்னு கேளு, ஆப்பிரிக்காவுல சிங்கத்த எண்ணுறதுக்கு என்ன பண்றாங்க தெரியுமா, வண்டி மேல ஸ்பீக்கர் கட்டி கழுதைப்புலி எரைக்கு சண்ட போடுற சத்தத்த போடுவாங்க, சிங்கம் ஓடி வரும். கல்யாண வீட்டு ரேடியோ கேட்டு நம்ம ஹாஸ்டல் டார்ஜான் வந்து நிப்பான்ல, அதே டெக்னிக்.

ஒடனே கழுதைப்புலிய தியாகின்னு நெனைச்சுடாத. அதுவும் சிறுத்தைகிட்ட புடுங்கும், தனியா மாட்டினா சிங்கக்குட்டிய கொல்லும், எரைய உயிரோட இருக்கறப்பவே திங்க ஆரம்பிச்சுடும். சிங்கம் பதிலுக்கு கழுதைப்புலிய கடிச்சுக் கொன்னு அப்படியே போட்டுட்டுப் போயிடும், பெரும்பாலும் திங்கறதுகூட இல்ல. பசிக்கு இல்ல மாப்ள, பங்காளிப் பகை. ஒரே வைல்டுபீஸ்ட், ஒரே வரிக்குதிரை, ஒரே நெலம், ரெண்டு பங்காளி. ரெண்டும் திருடனுங்கதான், ஆனா ஒருத்தன் பேர்ல சிங்காசனம் செஞ்சோம், இன்னொருத்தனுக்கு வச்ச பேரப் பாரு, கழுதையும் இல்ல புலியும் இல்ல. நாய்னும் சொல்ல முடியாது, பூனை, கீரி பக்கத்து சொந்தம்தான் அது. (நம்ம மசினகுடி, மாயாறு பக்கம் இருக்கறது வரி போட்டது, வேற இனம். இதுக்கு ஒடம்பெல்லாம் புள்ளி.)

இப்ப காலைல நடந்த மிச்சத்த சொல்றேன். ஆண் சிங்கம் ரெண்டும் வயிறு ரொம்பி, நடக்க முடியாம நடந்து எங்கயோ போய்ப் படுத்துச்சு. அவ்வளவுதான், காத்தே மாறிடுச்சு. எங்கிருந்தோ இன்னும் ஏழெட்டு ஃபிசி வந்து சேருது. வந்ததும் சண்டைக்குப் போகல, ஒண்ண ஒண்ணு தலைக்கு வால்னு ஒட்டி நின்னு, கால தூக்கிக் காட்டி மோந்து பாக்குது, கட்சி மீட்டிங்குக்கு முன்னாடி சால்வ போத்துற மாதிரி. அது முடிஞ்சதும் வால தூக்கிக்கிட்டு தோளோட தோள் சேத்து ஒரே வரிசையா முன்னேறுச்சு பாரு, எனக்கு வண்டிக்குள்ள முடி நட்டுக்கிச்சு. பெண் சிங்கம் உறுமுது, ஒண்ணு பாஞ்சு அறைய வருது, இதுங்க நாலடி பின்னாடி போயி மறுபடி அஞ்சடி முன்னாடி. போட்ஸ்வானால சவூட்டின்னு ஒரு எடத்துல இத கணக்குப் பண்ணியே பாத்திருக்காங்க, பெரிய ஆண் சிங்கம் கிட்ட இல்லாம, ஒரு பெண் சிங்கத்துக்கு நாலு கழுதைப்புலிக்கு மேல ஆயிட்டா எரை கை மாறிடும். எங்க கண்ணு முன்னாடி இருபது நிமிஷத்துல மாறிடுச்சு. ஒரு சிங்கம் மட்டும் ஒரு தொடைய இழுத்துக்கிட்டு போச்சு, மத்ததெல்லாம் ஏதோ தானா எந்திரிச்ச மாதிரி கெத்தா நடந்து போச்சு, பந்தில எலை எடுக்கறதுக்கு முன்னாடி எந்திரிப்பாரே நம்ம பெரியவர், அதே நடை.

அப்புறம் கேட்டது எலும்பு ஒடையற சத்தம். கட்டில் கால் முறிஞ்சா கேக்குமே அப்படி. தொடை எலும்பையே மென்னு முழுங்கிடும், அந்த சுண்ணாம்புனால அதோட புழுக்கைகூட வெள்ளையாதான் இருக்கும். கடைசில கொம்பு மட்டும்தான் மிஞ்சும் போல.

ஆங், கூட்டத்துக்கு பொம்பளதான் தலைமை. ஒடம்புலயும் ஆம்பளைய விட பெருசு. அம்மாவுக்கு என்ன எடமோ அதுக்கு அடுத்த எடம் குட்டிக்கு, பொறந்ததுல இருந்தே. ஆம்பளைங்க பெருசானதும் பெரும்பாலும் வேற கூட்டத்துல போய் சேரும், அங்க கடைசி வரிசை. வீட்டோட மாப்பிள்ளைன்னு வச்சுக்கயேன். நம்ம சேதுகிட்ட சொல்லாத, அழுதுடுவான்.

இதுக்கு மேல சொல்றதுக்காகத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சேன்.

ஓரத்துல ஒரு எளைய கழுதைப்புலி, காது கிழிஞ்சது, ஒரு விலா எலும்ப கவ்விக்கிட்டு தனியா ஒதுங்குச்சு. பெருசு ஒண்ணு பின்னாடியே போச்சு, கூட ரெண்டு. இது வால ரெண்டு காலுக்கு நடுவுல சொருகிக்கிட்டு, ஒடம்ப வளைச்சு, பல்லெல்லாம் தெரிய சிரிச்சுச்சு. ஹிஹிஹிஹின்னு, மேல ஏறி ஏறி. சின்னவன் விழுந்து விழுந்து சிரிச்சான், ஒடனே அதே மாதிரி பண்ணிக் காட்டினான். நானும் ம்ஸேகிட்ட பெருமையா சொன்னேன், "எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கான், இதே சிரிப்பு, அவனுக்குப் பேரே ஃபிசிதான்"னு. ம்ஸே சிரிக்கல. "அது சிரிக்கல. அது பயந்து போய் கத்துது. அடிக்காதீங்கன்னு சொல்லுது"ன்னார்.

அதுக்குள்ள அந்த எலும்பு கை மாறிடுச்சு.

மாப்ள, ஹாஸ்டல் மாடி ரூம்ல, முதல் வருஷம், அந்த அஞ்சு பேரும் உன்ன முட்டி போட வச்சு பக்கெட்ட தலைல கவுத்து கரண்டியால தட்டினாங்கல்ல. நீ சிரிச்ச. கீழ வரைக்கும் கேட்டுச்சு உன் சிரிப்பு. மறுநாள் மெஸ்ல உனக்கு அந்தப் பேர வச்சது நான்தான், டார்ஜான் இல்ல, அவன் மேல பழி போட்டு வச்சிருந்தேன் இத்தன வருஷமா. உன் கல்யாண ஃப்ளெக்ஸ்லகூட அந்தப் பேர பெருசா போட்டோம், நீ அதுக்கும் சிரிச்ச.

இந்தப் பள்ளத்துல 1996ல இருந்து ஒவ்வொரு கழுதைப்புலியையும் அதோட ஒடம்புப் புள்ளிய வச்சு அடையாளம் கண்டு, எட்டுக் கூட்டத்தையும் விடாம கவனிச்சுட்டு வர்றாங்க பெர்லின்ல இருந்து வந்த ஆராய்ச்சிக்காரங்க. ரெண்டு மோதிக்கிட்டா எது ஜெயிக்கும்னு அவங்க பாத்ததுல, பெருசா பலசாலியான்றது கணக்கே இல்லையாம். யாருக்கு எத்தன பேரு துணைக்கு வருவாங்கன்றதுதானாம். நான் அன்னைக்கு படிக்கட்டு வரைக்கும் வந்தேன்டா. வந்துட்டு, திரும்பிப் போய் கட்டில்ல படுத்துக்கிட்டேன். தூங்கினதா நீ நெனச்சிருப்ப.

சரி விடு. இத படிச்சுட்டு போன் பண்ணி "என்னடா ஏத்திக்கிட்டியா"ன்னு கேப்ப. இல்ல, டீதான், அதுவும் ஆறிப்போனது.

டார்ஜானுக்கு ஒரு சேதி சொல்லு. பூனை வழியா பரவுற ஒரு ஒட்டுண்ணி இருக்கு, டாக்ஸோபிளாஸ்மான்னு பேரு. கென்யா மசாய் மாரால வருஷக்கணக்கா கழுதைப்புலிய கவனிச்சவங்க 2021ல எழுதியிருக்காங்க, அது ஒட்டின குட்டிங்க பயமே இல்லாம சிங்கத்துக்கு ரொம்பக் கிட்ட போகுதாம், போய் சிங்கத்துகிட்டயே சாகுதாம். அவன் வார்டன் பைக்க எடுத்துக்கிட்டு சினிமாவுக்குப் போயி, இண்டர்வெல்ல வார்டனுக்கே முறுக்கு வாங்கிக் குடுத்தானே, இப்பதான் எனக்கு காரணம் புரியுது. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு.

டிசம்பர்ல நீ வரேன்னு சொன்ன, மூணு டிசம்பர் ஆச்சு. வந்தா உன்னயும் பள்ளத்துல எறக்கிக் காட்டுறேன், ம்ஸேவையே புடிக்கிறேன். வர்றப்ப கூழ்வத்தல், சின்ன வெங்காயம் போட்டுத் தாளிச்ச வடகம், அம்மா கையால அரைச்ச சாம்பார் பொடி ஒரு கிலோ. தாலி செயின்லாம் வேணாம்னு வீட்ல சொல்லச் சொன்னா (அது பழைய ஜோக்காம், உனக்குத் தெரியுமாம், எனக்கு சொல்ல மாட்டேங்குறா).

இனிமே உன்ன என்னன்னு கூப்பிடறதுன்னுதான் கொழப்பமா இருக்கு. நெஜப் பேர சொன்னா உங்கம்மா கூப்பிடற மாதிரி இருக்கும். நீயே ஒண்ணு சொல்லு.

பதில் போடு. அந்த விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைய மட்டும் அனுப்பாத.

அருஷால இருந்து,
உன் கீழ் பெர்த்துக்காரன்